மெக்சிக்கோவில் நின்றுபோன இரு நேரங்கள்: விரைவோட்டச் சாதனைகளும் அவற்றை அளந்த கடிகாரங்களும்

மலேசியாவின் கெலாங் பாத்தா வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடல். விளையாட்டுப் போட்டி நாள். முடிவுக் கோட்டருகே படிப்படியாக உயரும் மரப்பலகையில் மூன்று ஆசிரியர்கள் நிற்பார்கள், ஆளுக்கொரு நிறுத்துக் கடிகாரத்துடன். புதிதாக வந்தவரிடம் மூத்தவர் சொல்வது ஆண்டுதோறும் ஒன்றேதான்: "சத்தத்தைக் கேட்காதீங்க சார், புகையைப் பாருங்க." துப்பாக்கிச் சத்தம் நூறு மீட்டரைக் கடந்து வர ஏறக்குறைய 0.29 வினாடி ஆகும். சத்தம் கேட்டபின் பொத்தானை அழுத்துபவர் அந்த நேரத்தைப் பையனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார். நானும் அந்தப் பலகையில் நின்றவன். ஒருமுறை ஒரே பையனுக்கு எங்கள் மூன்று கடிகாரங்களும் 13.1, 13.3, 13.6 என்று காட்டின. விதிப்படி நடுவில் இருந்ததை எழுதினோம். அவன் 13.3 வினாடியில் ஓடினான் என்று பள்ளிப் பதிவேடு இன்றைக்கும் சொல்கிறது.

ஆண்களுக்கான விரைவோட்ட உலகச் சாதனைகளின் வரலாற்றை மனித உடல் படிப்படியாக வேகம் பெற்ற கதையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அளவீடு மாறிய கதையாகவும் அதை வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி வாசித்தால்தான் மலாயாத் தமிழர் இருவர் 1968இல் மெக்சிக்கோ நகரில் பதித்த நேரங்கள் ஏன் அத்தனை காலம் அசையாமல் நின்றன என்பது விளங்கும்.

அனைத்துலகத் தடகளச் சம்மேளனம் ஏற்ற முதல் நூறு மீட்டர் சாதனை 1912இல் ஸ்டாக்ஹோமில் டொனால்ட் லிப்பின்காட் ஓடிய 10.6. 1936இல் ஜெசி ஓவன்ஸ் 10.2க்கு வந்தார். 1960இல் சூரிக்கில் அர்மின் ஹாரி 10.0 ஓடினார். இவை யாவும் கைக்கடிகார நேரங்கள், அதாவது கையால் பொத்தானை அழுத்தி அளந்தவை. ஹாரியின் அதே ஓட்டத்தை மின்கருவி 10.25 என்று காட்டியது. பொத்தானை அழுத்தும் விரலின் தாமதத்தை ஈடுகட்ட நூறு, இருநூறு மீட்டருக்கு 0.24 வினாடி சேர்த்துக்கொள்வது பிற்கால வழக்கம். அந்தக் கணக்கு ஹாரிக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது.

இந்தக் குழப்பத்தின் உச்சம் 1968 ஜூன் 20, சாக்ரமெண்டோ. ஒரே அரையிறுதியில் ஓடிய ஜிம் ஹைன்ஸ், ரோனி ரே ஸ்மித் இருவருக்கும் 9.9 என்று உலகச் சாதனை எழுதப்பட்டது. மின்கருவியில் ஹைன்ஸ் 10.03, ஸ்மித் 10.14. இருவருக்கும் நடுவே ஒரு மீட்டருக்கும் கூடுதலான இடைவெளி இருந்தது. அது பார்த்தவர்கள் கண்ணில் பட்டது, சாதனைப் பட்டியலில் படவில்லை. மறு அரையிறுதியை வென்ற சார்ல்ஸ் கிரீனுக்கும் அதே 9.9தான், மின்கருவியில் 10.10. ஓர் இரவில் மூன்று பேருக்கு ஒரே சாதனை!

இதே குழப்பத்தின் ஆசியப் பதிப்பு அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே பேங்காக்கில் நடந்துவிட்டது. 1966 டிசம்பர் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் இறுதி. மலேசியாவுக்கு மணி ஜெகதீசன், சிங்கப்பூருக்கு சி. குணாளன். இருவருக்கும் 10.5. முடிவுக் கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்தே தங்கத்தை ஜெகதீசனுக்கும் வெள்ளியைக் குணாளனுக்கும் கொடுத்தார்கள். ஜெகதீசன் அங்கே இருநூறு மீட்டரையும் 4x100 அஞ்சலோட்டத்தையும் சேர்த்து மூன்று தங்கத்தோடு திரும்பினார். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து அப்போது பதினாறு மாதம்தான். சிங்கப்பூருக்கு ஓடிய குணாளன் பிறந்தது பேராக்கில், தைப்பிங் அருகே ஆவ்லோங்கில். மலேசியாவுக்கு ஓடிய ஜெகதீசன் மருத்துவம் படித்தது சிங்கப்பூரில். சிங்கப்பூரின் துவாஸுக்கு இரண்டாம் இணைப்புப் பாலம் போகும் ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. இங்கே பல குடும்பங்களில் ஒருவராவது பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறார்.

1968 அக்டோபரில் இருவரும் ஒலிம்பிக்குக்காக மெக்சிக்கோ நகரில் இருந்தார்கள். குணாளன் நூறு மீட்டரை 10.38இலும் ஜெகதீசன் இருநூறு மீட்டரை 20.92இலும் ஓடினார்கள். இரண்டும் நூறில் ஒரு பங்கு வரை மின்கருவி அளந்த நேரங்கள். தடம், ஒலிம்பிக்கில் முதன்முறையாக விரிக்கப்பட்ட செயற்கைத் தடம். நகரம் கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி நம் திடலில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஓடுகிறவரின் நெஞ்சில் மோதும் காற்று அவ்வளவுக்கு இளகிக் கொடுக்கிறது. தூரம் கூடினால் ஆதாயமும் கூடும் என்பதால் இருநூறு மீட்டருக்கு நூறைவிட அதிக லாபம்.

குணாளனின் 10.38 சிங்கப்பூர்த் தேசியச் சாதனையாக 33 ஆண்டுகள் நின்றது, 2001இல் யு. கே. ஷியாம் 10.37 ஓடினார். ஜெகதீசனின் 20.92 மலேசியாவில் 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 ஓடினார். இந்த 49ஐ எடுத்துக்கொண்டு நம் விளையாட்டு நிர்வாகத்தைத் திட்டுவது இங்கே பழகிப்போன பேச்சு. திட்டுவதற்கு இடமில்லை என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு திட்டலாம் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும்.

உலகச் சாதனைகளையே எடுத்துக்கொள்வோம். அதே மெக்சிக்கோவில் ஹைன்ஸ் ஓடிய 9.95ஐ முறியடிக்க உலகத்துக்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன. 1983இல் கால்வின் ஸ்மித் 9.93 ஓடியதும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் இன்னொரு மலைநகரில். அதே ஒலிம்பிக்கில் இருநூறு மீட்டரில் டாமி ஸ்மித் ஓடிய 19.83ஐ 1979இல் வென்றவர் இத்தாலியின் பியட்ரோ மென்னியா, அவர் 19.72 ஓடியதும் மெக்சிக்கோவில்தான். கார்ல் லூயிசால்கூட அதைத் தொட முடியவில்லை. 1996இல் மைக்கேல் ஜான்சன் 19.66 ஓடும்வரை, மின்கருவிக் கணக்கில் இருநூறு மீட்டர் உலகச் சாதனை 28 ஆண்டுகள் ஒரே நகரத்தின் சொத்தாக இருந்தது. நம் 49இலிருந்து இந்த 28ஐக் கழித்தால் மீதி 21. நூறு மீட்டரில் சிங்கப்பூரின் 33இலிருந்து 15ஐக் கழித்தால் 18. முரட்டுக் கணக்குதான், என்றாலும் மலைக்காற்றின் பங்கு எது, நம் பொறுப்பு எது என்று பிரித்துப் பார்க்க இது போதும். அந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வாதம் ஜெகதீசனின் ஓட்டத்தைச் சிறிதாக்கவில்லையா என்று கேட்கலாம். இல்லை. கடல்மட்டத்தில் அவர் ஓடிய நல்ல ஓட்டங்கள் பல கைக்கடிகாரத்தில் மாட்டிக்கொண்டவை. இன்றைய ஓட்டங்களோடு வைத்து ஒப்பிட வழியில்லாதவை. மெக்சிக்கோ அவருக்குக் கொடுத்தது காற்றின் உதவியை மட்டுமல்ல, தலைமுறைகள் கடந்தும் செல்லுபடியாகும் ஓர் எண்ணையும். 1977 தொடக்கம் முதல் மின்கருவி நேரம் மட்டுமே உலகச் சாதனையாகும் என்று விதி வந்தபோது, பழைய 9.9கள் எல்லாம் ஒதுக்கப்பட, 9.95 நின்றது. இங்கே 20.92 நின்ற காரணமும் அதுவே.

கடிகாரம் திருந்திய பிறகு சந்தேகம் உடலுக்குள் இடம் மாறியது. பென் ஜான்சன் 1988இல் சோலில் ஓடிய 9.79 ஊக்கமருந்தால் அழிந்தது; டிம் மாண்ட்கமரியின் 9.78ம் பின்னர் அழிந்தது. 2006இல் தோஹாவில் ஜஸ்டின் கேட்லின் ஓடியதை முதலில் 9.76 என்று அறிவித்தார்கள். கருவி காட்டியது 9.766, மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும் என்பது விதி. சில நாளில் 9.77 என்று திருத்தினார்கள், அடுத்து மருந்து விவகாரத்தில் அதையும் நீக்கினார்கள். ஓடி முடித்த ஜெகதீசன் மருத்துவ ஆய்வாளராகி, ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுத் தலைவராகப் போட்டியாளர்களின் மருந்துச் சோதனைகளைக் கவனித்தவர். தன் ஓட்டத்தை ஒரு நல்ல கருவி காப்பாற்றியது; பிறர் ஓட்டத்தை இன்னொரு கருவியால் காப்பாற்றப் போனார்.

கைருல் முந்திய 0.02 வினாடி அந்த வேகத்தில் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவு. 20.90, 20.92 இரண்டிலும் 0.24ஐக் கழித்து, கைக்கடிகார விதிப்படி பத்தில் ஒன்றுக்கு மேல்நோக்கி முழுமையாக்கினால் இரண்டும் 20.7 ஆகிவிடும். எங்கள் பலகையில் நின்று அளந்திருந்தால் 2017இலும் அந்தச் சாதனை முறிந்திருக்காது.