கணக்கில் இல்லாத ஒரு கரண்டி



சென்ற மாதம் சின்னமனூர் பக்கத்தில் உறவினர் வீட்டு விசேஷம். காலையில் நடந்துவிட்டு வரும்போது, அங்குள்ள ஆரம்பப் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ரவை உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலை உணவுத் திட்டம். கூட வந்த மருமகன் முறைப் பையன், "பள்ளிக்கூடத்துல சோறு போடுறது காமராஜர் காலத்துல வந்ததுதானே மாமா?" என்றான். அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

காமராஜருக்கு முன்பே இதற்கு வேர் உண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு ஆங்கில அரசு, ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்றதால் அது முடங்கிப்போனது.

நான் பிறந்த பாண்டிச்சேரியிலும் ஒரு கதை உண்டு. அங்கே பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே மதிய உணவைக் கொண்டுவந்துவிட்டது. அப்பா அங்கே பஞ்சாலையில் கணக்கர். என்னைப் பிரெஞ்சு மொழிவழிப் பள்ளியில் சேர்த்தார். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு 'காந்தீன்' என்று பெயர். தமிழில் ஆத்திசூடி எழுதத் தெரியுமுன்பே அந்தச் சொல் எனக்குத் தெரியும். விக்டர் ஹ்யூகோ 1862-ல் தன் வீட்டில் வாரம் ஒருமுறை ஏழைக் குழந்தைகளைக் கூட்டி விருந்து வைத்தார் என்று வகுப்பில் வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது. நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கூப்பிடப்பட்ட குழந்தைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. என் கையில் அம்மா கட்டிக்கொடுத்த தூக்கு இருந்தது.

1961-ல் அப்பா இறந்துபோனார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கு வந்தார். உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் இடையில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஒரு சிற்றூர். 1895-ல் பென்னிகுவிக் கட்டிமுடித்த அணையால் ஊரைச் சுற்றி இருபோக நெல். ஆனால் வயல் இருந்தவருக்குத்தான் நெல். அம்மாச்சி வீட்டுக்கு வயல் கிடையாது. எனக்குத் தமிழ் எழுத்து தடுமாறியதால் ஒரு வகுப்பு இறக்கி ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'பாண்டிச்சேரி'.

அப்போது மதிய உணவுத் திட்டம் தொடங்கி ஐந்தாண்டு ஆகியிருந்தது. 1956-ல் காமராஜர் கொண்டுவந்தபோது அது ஊர்மக்கள் நன்கொடையை நம்பித்தான் ஆரம்பித்தது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். அடுத்த ஆண்டு அரசு பணம் போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் 6 காசு அரசு, 4 காசு உள்ளூர்ப் பங்கு. அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் பள்ளிக்கூடத்துக்கு என்று நெல் அளந்து கொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 1961-லிருந்து அமெரிக்காவின் கேர் நிறுவன உதவியும் சேர்ந்தது. கோதுமை ரவை, பால் மாவு, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்ட எண்ணெய் டின். அந்த டின் காலியானதும் பாதி ஊரில் அதுதான் தண்ணீர் வாளி.

ஆனால் அந்தச் சாப்பாடு எல்லாருக்கும் அல்ல, ஏழைப் பிள்ளைகளுக்கு. பணம் அவ்வளவுதான் இருந்தது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. பள்ளி திறந்த முதல் வாரத்தில் வாத்தியார், "மதியச் சாப்பாடு வேண்டிய பிள்ளைகள் எழுந்து நில்லுங்க" என்றார். பாதி வகுப்பு எழுந்தது. நான் எழவில்லை. "கணக்கர் மகன் தட்டேந்தி நிக்கக் கூடாது" என்று அம்மா சொல்லியிருந்தார்.

முதலில் பாதகமில்லை. அப்பாவுடைய ஈயம் பூசிய பித்தளைத் தூக்கில் கேப்பைக் களியும் துவையலும் வரும். சில நாள் அவித்த மொச்சை. நாற்று நட்டு அறுப்புக்குக் காத்திருக்கும் ஆவணி, புரட்டாசியில்தான் சங்கடம். வேலை இருக்காது, பானையில் ஒன்றும் இருக்காது. அம்மா வெறும் தூக்கைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். நான் புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, தின்றது போல வாய் துடைத்துக்கொண்டு வருவேன்.

என் கூட்டாளி ஒருவன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. "ஏய் பாண்டிச்சேரி, தூக்கைக் குடு, என் தட்டு ஓட்டை" என்று வாங்கிக்கொண்டு போனான். சமைத்துப் போட்ட ஆயா அவனுக்குரிய அளவை ஊற்றிவிட்டு, தூக்கைத் திருப்பிப் பார்த்தார். என் பக்கமும் பார்த்தார். இன்னொரு கரண்டி போட்டார். மரத்துக்குப் பின்னால் இருவரும் தின்றோம். அறுப்பு வரும்வரை தினமும் இதுதான். எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் இல்லை.

இதுவரை மருமகனிடம் சொன்னேன். இனி எழுதப்போவதைச் சொல்லவில்லை.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் எழுத்தர். தேனி மாவட்டம் 1996-ல்தான் பிறந்தது. அன்றைக்கு எங்கள் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், சமையலர், உதவியாளர். விதவைகள், ஆதரவற்ற பெண்கள் பலருக்கு முதல்முறையாக மாதச் சம்பளம் கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. வருகைப் பதிவேடு, உணவு உண்டோர் பதிவேடு, இருப்புப் பதிவேடு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது என் வேலை.

மலையடிவாரத்தில் ஒரு மையம். அந்தப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போவார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பதிவேட்டில் அன்று வருகை 58. தட்டுகளை எண்ணினேன், 62. அமைப்பாளரைக் கேட்டேன். முப்பது வயது இருக்கும், கணவரை இழந்தவர். "சார், நாலும் அக்காமாரோட வந்த சின்னதுங்க. பால்வாடி இங்க இல்ல. ஆத்தாமாரெல்லாம் ஏலக்காட்டுக்குப் போயிட்டாங்க. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல சார்" என்றார். ஒரு மாதமாகப் போடுகிறாராம்.

நான் கணக்குப் போட்டேன். நாலு பேர், 22 நாள், அரிசி 8 கிலோ 800 கிராம், பருப்பு 1 கிலோ 320 கிராம். 'பதிவுக்கு மேல் 4 பேருக்கு உணவு வழங்கியது விதிக்குப் புறம்பானது. இழப்பை அமைப்பாளரிடம் ஈடு செய்யலாம்' என்று குறிப்பு எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்ததாக மேலாளர் பாராட்டினார்.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நானும் ஒரு காலத்தில் அந்த 59-ஆவது தட்டுதான். எனக்கு ஊற்றிய ஆயாவிடம் யாராவது வந்து எண்ணியிருந்தால்?

மறுநாள் போய்க் கேட்டேன். கோப்பு மேலே போய்விட்டிருந்தது. அமைப்பாளர் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். அந்தக் குடியிருப்புக்குக் குழந்தைகள் மையம் வேண்டும் என்று அடுத்து ஒரு முன்மொழிவு எழுதினேன். தாமதமாக என்றாலும் வந்தது. ஆனால் பிடித்த பணத்தை என் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று பலமுறை நினைத்தும் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம். பிறகு மாறுதலாகிவிட்டேன்.

பதிவேடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு இல்லாவிட்டால் மூட்டையோடு அரிசி போய்விடும், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விதி எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளையின் மானம் இருக்கிறது. 1984-ல் சத்துணவு 15 வயது வரை நீண்டது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, அடுத்த ஆண்டு ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை அத்தனை பிள்ளைகளுக்கும். "வேண்டியவர்கள் எழுந்து நில்லுங்க" என்று கேட்கும் வேலையே இல்லை.

சின்னமனூர்ப் பள்ளித் தாழ்வாரத்தில் அன்று என்னைப் பார்த்துவிட்ட ஒரு சிறுமி, "தாத்தா, நீங்களும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். "சாப்பிட்டாச்சு கண்ணு" என்றேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து சிரித்தார். அந்த மலையடிவார அமைப்பாளருக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். இந்தப் பக்கத்தை அவருக்கு யாராவது படித்துக் காட்டினால், தூக்கைத் திருப்பிப் பார்த்த ஆயாவையும் அவரையும் நான் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறேன் என்று தெரியட்டும்.