மின்னணு மருந்துச் சீட்டில் பாதுகாப்பு எச்சரிக்கைகள்

மருத்துவர் கணினியில் மருந்து எழுதும்போது, அது அந்த நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடும் என்றால் மென்பொருள் உடனே திரையில் காட்டும் அறிவிப்பே மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கை. ஒவ்வாமை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மருந்துகள், மிகை அளவு, ஒரே மருந்து இருமுறை எழுதப்படுவது, சிறுநீரகக் குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றுக்கான எச்சரிக்கைகள் முக்கியமானவை.

செயல்படும் விதம்

நோயாளியின் பதிவேட்டையும் மருந்துத் தகவல் தொகுப்பையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமாக்சிசிலின் எழுதினாலும், வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் சேர்த்தாலும் அது எச்சரிக்கும். பின்னதில் ரத்தப்போக்கு ஆபத்து கூடும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் தரவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதினாலும் எச்சரிக்கும்; தினமும் தந்தால் உயிருக்கே ஆபத்து.

வரலாறு

கணினி நினைவூட்டினால் மருத்துவர்களின் கவனப்பிழை குறைகிறது என்று அமெரிக்க மருத்துவர் கிளெமென்ட் மெக்டொனால்ட் 1976இல் காட்டினார். பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் கணினி வழி மருந்து எழுதும் முறை வந்தபின், தடுக்கப்படாமல் போகும் கடும் மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைந்ததாக டேவிட் பேட்ஸ் குழுவின் ஆய்வு 1998இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் ‘தீங்கற்ற மருந்து’ என்னும் நோக்கத்துடன் 2017இல் ஓர் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியது.

எச்சரிக்கைச் சோர்வு

அற்ப விஷயங்களுக்கும் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், மருத்துவர்கள் படிக்காமலே கடந்து போகிறார்கள். 49 முதல் 96 சதவீத எச்சரிக்கைகள் புறக்கணிக்கப்படுவதாக 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு சிறுவனுக்கு 160 மில்லிகிராம் என்று எழுத நினைத்த மருந்து, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 160 மில்லிகிராம் என்று பதிவானது. மருத்துவரும் மருந்தாளுநரும் எச்சரிக்கையைக் கடந்து சென்றனர். ஒரு மாத்திரைக்குப் பதில் முப்பத்தெட்டரை மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அவனுக்கு வலிப்பு வந்தது. பிறகு உயிர் பிழைத்தான். ஆகவே உயிராபத்தான சிலவற்றுக்கு மட்டும் திரையை நிறுத்தி, மற்றவற்றை ஓரத்தில் காட்டுவதே நல்ல வடிவமைப்பு.

தமிழ்நாட்டில்

உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம், அரசு மருத்துவமனைகளில் கணினிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. மின்னணு நலப் பதிவேடுகளுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. பல மருத்துவமனைகளின் பதிவுகளை இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது.

சேலம் மாவட்டத்தின் ஆத்தூர் போன்ற ஊர்களில் இந்த இணைப்பு மிக அவசியம். ரத்த அழுத்தத்துக்கு அரசு மருத்துவமனையில் எனலாபிரில், இதயத்துக்குச் சேலத்தில் ஆஸ்பிரின், மூட்டுவலிக்கு உள்ளூர் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என ஒருவரே மூன்று இடங்களில் மருந்து வாங்கலாம். எனலாபிரிலும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியலாம். மூன்று சீட்டும் ஒரே பதிவேட்டில் இல்லாவிட்டால் எந்தக் கணினியும் எச்சரிக்காது. பதிவுகள் முழுமையாக இணையும்வரை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுவதே நோயாளிக்குப் பாதுகாப்பு. மருந்தின் பக்கவிளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.