மின்னாற்றல் செல்லும் வழி

மின்கம்பியைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒப்பிட்டே பல ஆண்டுகள் நான் வகுப்பில் பாடம் நடத்திவந்தேன். ஒரு நாள் மின்மாற்றியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இரண்டு கம்பிச் சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லையே! அந்தக் குழாயின் தண்ணீர் இந்தக் குழாய்க்கு எப்படி வந்தது?" என்று கேட்டான். நான் திகைத்து நின்றேன். மாணவ நண்பர்களே, அவ்வினாவுக்கு விடை காண அறிவியல் உலகிற்கே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1820-இல் டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகிலே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்னோட்டத்தின் செயல் கம்பிக்கு வெளியிலும் உண்டென்பது அன்று புலனாயிற்று. 1831-இல் இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கியபோதும் நிறுத்தியபோதும் மற்றதில் கணநேரம் மின்னோட்டம் எழுந்தது. நம் மின்மாற்றிகளுக்கெல்லாம் அவ்வளையமே மூதாதை. காந்தத்தைச் சூழ்ந்த வெளி வெறுமையன்று, விசைக் கோடுகள் நிறைந்தது என்று அவர் கருதினார். உயர்கணிதம் பயிலாத அவர் மனத்தில் கண்ட அக்காட்சியை மாக்ஸ்வெல் சமன்பாடுகளாக வடித்தார். ஆற்றல் அந்தப் புலத்திலேயே உறைகின்றது என்று 1865-இல் எழுதினார்.

அவ்வாறாயின், ஆற்றல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வழியே செல்கின்றது? மாக்ஸ்வெல்லின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பாயின்டிங் இதற்கு விடை கூறினார். பர்மிங்காமில் பேராசிரியராக இருந்த அவர் 1884-இல் வெளியிட்ட கட்டுரையில், மின்புலம், காந்தப்புலம் ஆகிய இரண்டுக்கும் செங்குத்தான திசையில் ஆற்றல் பாய்கின்றது என்று நிறுவினார். விளக்கை எரிக்கும் ஆற்றல் கம்பியைச் சூழ்ந்த வெளியின் வழியே செல்கின்றது. கம்பி அதற்கு வழிகாட்டுகின்றது. பக்கவாட்டில் கம்பிக்குள் புகும் பகுதி மட்டும் அதனைச் சூடாக்கிக் கழிகின்றது. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, தந்தித் துறையில் வேலை பார்த்த ஆலிவர் ஹெவிசைடும் தாமே கற்று இம்முடிவை அடைந்தார்.

குழாய் உவமை இன்றும் பயனற்றுப் போய்விடவில்லை. மின்னழுத்தத்தையும் மின்தடையையும் முதன்முதலாகக் கற்பிக்க அது உதவும். ஆற்றல் செல்லும் வழியைக் காட்ட அது உதவாது. மறுநாள் வகுப்பில் இதனை ஒப்புக்கொண்டு, இவ்வரலாற்றைச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவனையே கரும்பலகைக்கு அழைத்து, அந்த இரும்பு வளையத்தை வரையச் செய்தேன்.