செங்கல்பட்டின் புதிய வரைபடத்தில் பஞ்சமி நிலம் எங்கே?

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புது நகர வளர்ச்சித் திட்டங்களைத் தயாரிக்கும் பணியைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மேற்கொண்டுள்ளது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர்ப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்படும் என்று 2022 அக்டோபரில் அரசு ஆணையிட்டது. எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது வேளாண்மை, எங்கே எத்தனை மாடி என்பவற்றை இத்தகைய திட்டங்களே முடிவு செய்கின்றன. ஏழைக்கு வீடு எங்கே என்பதும் அவற்றிலேயே முடிவாகிறது. இந்த மாவட்டத்தில் அக்கேள்வியைச் சாதியை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

மனையில் தொடங்கிய வழக்கு

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, சேரி மக்களின் குடியிருப்பு மனையே மிராசுதாரர்களின் பிடியில் இருந்ததைப் பதிவு செய்தது. நிலம் கேட்டவர் குடிசையையும் இழக்க நேரிடும் என்பதே அன்றைய நிலை. அதன் தொடர்ச்சியாக, 30.9.1892 அன்று பிறந்த அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசு மீட்கலாம் என்பவை நிபந்தனைகள். இதுவே பஞ்சமி நிலம். காரணையில் அந்நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 10.10.1994 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் பலியாயினர்.

பஞ்சமி நிலம் ஒன்று வேளாண்மை வகைப்பாட்டிலிருந்து குடியிருப்பாக மாற்றப்படும்போது அதன் விலை பன்மடங்காகிறது. அந்த ஆதாயம் நிபந்தனையை மீறி நிலத்தை வைத்திருப்பவரையே சேர்கிறது. கர்நாடகம் 1978இல் இத்தகைய ஒப்படை நிலங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இன்றுவரை இல்லை.

பத்து விழுக்காடு யாருக்கு?

2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்ட விதிகள், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களில் 10 விழுக்காடு நிலத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்கக் கோரின. வீடு 45 சதுர மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும்; அதே மனையிலோ 2 கிலோமீட்டர் சுற்றளவிலோ அமையலாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் பத்து விழுக்காடு 1,000 சதுர மீட்டர். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரமற்ற கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு 2. எனவே 2,000 சதுர மீட்டர் தளம் கிடைக்கும். பொதுவிடத்தைக் கழிக்காமலே 44 வீடுகள். அகலமான சாலையோரத்தில் கட்டணம் செலுத்தி 50 விழுக்காடு வரை பிரீமியம் குறியீட்டைக் கட்டுநர் வாங்கலாம். அப்போது ஒட்டுமொத்த மனையில் 10,000 சதுர மீட்டர் தளம் கூடுகிறது. அதில் கால் பங்கை ஏழைக் குடும்பங்களுக்கு என நிபந்தனை விதித்தால் மேலும் 55 வீடுகள் உருவாகும். அடர்த்தியை உயர்த்துவது தவறன்று. உயர்த்தியதால் விளையும் மதிப்பு எவருக்குச் சேர்கிறது என்பதே கேள்வி.

பெரும்பாக்கம் தரும் பாடம்

அடர்த்தி மட்டுமே விடையாகாது என்பதற்கு இம்மாவட்டத்திலேயே சான்றுண்டு. சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், அவற்றுள் பெருமளவில் தலித் குடும்பங்கள், பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. வேலையும் பள்ளியும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. வேலைக்குத் தொலைவில் குவிக்கப்படும் அடர்த்தி, மாடி வைத்த சேரியையே உருவாக்கும்.

மாமல்லபுரத்தில் இச்சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கரையோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. நகரின் நடுவே அடர்த்தியை உயர்த்த இயலாதபோது, வீட்டுத் தேவை சுற்றியுள்ள சிற்றூர்களின் மேல் சாயும். சேரிகளும் இருளர் குடியிருப்புகளும் இருக்கும் நிலத்துக்கே முதலில் விலை ஏறும். மனைப்பட்டா இல்லாதவரே முதலில் வெளியேற்றப்படுவர்.

கோர வேண்டியவை

ஒன்று: நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் முன், பஞ்சமி சர்வே எண்கள் அனைத்தும் அதில் குறிக்கப்பட வேண்டும். அவற்றின் வகைப்பாட்டை மாற்றக் கோரும் எந்த விண்ணப்பமும் ஒப்படை நிபந்தனையைச் சரிபார்க்காமல் ஏற்கப்படக் கூடாது.

இரண்டு: மீட்கப்படும் நிலத்தில் தலித் குடும்பங்களுக்கே வீடும் மனையும் உரிமையாக வேண்டும். மனையில்லா ஊர்களில், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்று: பிரீமியம் குறியீடு பெறும் கட்டுநர், ஏழைகளுக்கான வீடுகளை அதே மனையிலேயே கட்டித் தர வேண்டும்.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டம் வெளியான பின் ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. அதுவரை காத்திருந்தால் ஆவணம் திரட்ட நேரம் போதாது. கிராம நிர்வாக அலுவலகத்தின் ‘அ’ பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே கேட்டுப் பெறுவோம். சர்வே எண்ணைக் குறிப்பிடாத ஆட்சேபணையை ஒற்றை வரியில் தள்ளுபடி செய்துவிடலாம். எண்ணோடும் சான்றோடும் செல்லும் மனுவுக்கு அதிகாரி காரணம் எழுதியாக வேண்டும்; அக்காரணத்தை நாம் நீதிமன்றத்தில் சோதிக்க முடியும்.