பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் மரப்பெட்டி: வரலாறும் செய்முறையும்

வேட்டைத் துப்பாக்கிப் பெட்டி என்பது, இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கியைக் குழல் வேறு, அடிக்கட்டை வேறு எனப் பிரித்து, அதற்குரிய கருவிகளோடு சேர்த்து வைப்பதற்காகக் கையால் செய்யப்பட்ட மரப்பெட்டியாகும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில், குறிப்பாக லண்டன், பர்மிங்காம் நகரங்களில், இந்தப் பெட்டிகளுக்கென ஒரு தனி மரபு வளர்ந்தது. துப்பாக்கியின் பொறியமைப்பு மாறும்போதெல்லாம் பெட்டியின் உள்ளறைகளும் மாறின. ஆகவே இப்பெட்டி வெறும் உறையாக இல்லாமல், துப்பாக்கியின் காலத்தையும் பயன்பாட்டையும் காட்டும் சான்றாகவும் விளங்குகிறது. பழைய துப்பாக்கிக்கு இன்று புதிய பெட்டி செய்பவர், அந்தச் சான்றைக் காக்கவும் முடியும், குழப்பவும் முடியும்.

பெட்டி தோன்றிய சூழல்

18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேட்டைத் துப்பாக்கியின் குழல் சிறு ஊசிகளால் மரக்கட்டையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றுவது துப்பாக்கி வேலை தெரிந்தவர் செய்ய வேண்டிய காரியம். முழு நீளத் துப்பாக்கிக்குப் பெட்டி செய்தால் அது 4 அடிக்கு மேல் நீளும். வண்டியில் ஏற்றுவது கடினம்.

அந்த நூற்றாண்டின் இறுதியில் கொக்கி முறை பரவலாயிற்று. குழலின் பின்முனையில் அமைந்த கொக்கி, கட்டையில் பொருத்திய இரும்புத் துண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். முன்புறம் ஒரு தட்டையான ஆப்பு குழலைப் பிடித்திருக்கும். ஆப்பைத் தள்ளிவிட்டுக் குழலைத் தூக்கினால் துப்பாக்கி இரண்டாகப் பிரியும். இதனால் குழலின் நீளமே பெட்டியின் நீளத்தை முடிவு செய்தது. 30 அங்குலக் குழலுக்கு ஏறத்தாழ இரண்டரை அடிப் பெட்டி போதுமானது.

பெட்டிக்கு ஏற்ற மரமும் அப்போது கிடைத்தது. பிரிட்டன் 1721-இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரங்களுக்கான இறக்குமதி வரியை நீக்கியபின் ஜமைக்கா, ஹோண்டுராஸ் பகுதிகளின் மகோகனி பெருமளவில் வந்தது. அகலமான பலகையாகக் கிடைப்பதும், எளிதில் கோணாமல் இருப்பதும், நல்ல மெருகு ஏற்பதும் இம்மரத்தின் இயல்புகள். மரச்சாமான் தச்சர்கள் இதில் கைதேர்ந்திருந்தனர். அந்தக் கைத்திறனே துப்பாக்கிப் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது.

உள்ளறைகள் காட்டும் மாற்றங்கள்

தொடக்ககாலத் துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பி வெடிப்பவை. அவற்றின் பெட்டியில் கருமருந்துக் குடுவை, ஈயரவைப் பை, உதிரிக் கற்கள், மருந்தையும் ரவையையும் பிரிக்கும் அட்டை வில்லைகளை வெட்டும் கருவி, திருப்புளி, எண்ணெய்ப் புட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி அறைகள் இருந்தன.

ஸ்காட்லாந்தின் மதகுருவான அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-இல், அடிபட்டால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு துப்பாக்கியை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வளர்ச்சியாக 1820-களில் செம்புக் கேப்பு பரவியது. சக்கிமுக்கிக் கல் இருந்த இடத்தைக் கேப்புச் சிமிழ் பிடித்தது. கேப்பு பொருந்தும் சிறு குழாயைக் கழற்றும் சாவியும் பெட்டிக்குள் வந்தது. பல பழைய துப்பாக்கிகள் கேப்பு முறைக்கு மாற்றியமைக்கப்பட்டன. அத்தகைய துப்பாக்கியின் பெட்டியில் கல் வைத்த அறை பெயர்க்கப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்தால், அந்த மாற்றத்துக்கு அதுவும் ஒரு தடயம்.

அடுத்த பெரிய மாற்றம் பிரான்சிலிருந்து வந்தது. காசிமிர் லெஃபோஷே 1830-களில் உருவாக்கிய, குழலை மடக்கிப் பின்புறமாகத் தோட்டா இடும் முறை, 1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பின் ஆங்கிலேயப் பட்டறைகளின் கவனத்தைப் பெற்றது. 1861-இல் ஜார்ஜ் டா என்பவர் நடுவில் கேப்பு பொருத்திய தோட்டாவை இங்கிலாந்தில் அறிமுகம் செய்தார். கருமருந்துக் குடுவையும் ரவைப் பையும் மெல்லப் பெட்டியை விட்டு வெளியேறின. சில காலம், வெற்றுத் தோட்டாவில் மருந்து நிரப்பி வாயை மடிக்கும் கைக்கருவிகள் அந்த இடத்தில் இருந்தன. ஆலையில் நிரப்பிய தோட்டாக்கள் மலிந்தபின் அவையும் மறைந்து, தோட்டாக்களுக்கெனத் தனித் தோல்பெட்டி வந்தது.

இதே காலத்தில் பெட்டியின் அடிப்படை அமைப்பும் மாறியது. வாய்வழி மருந்திடும் துப்பாக்கியில் முன்கட்டை அடிக்கட்டையோடு ஒரே மரமாக நீண்டிருந்ததால் கட்டைக்கான அறையும் நீளமானது. பின்வழித் துப்பாக்கியில் முன்கட்டை தனியாகக் கழன்றது. கட்டைக்கான அறை குறுகி, மிஞ்சிய இடம் கருவிகளுக்கு ஆனது. 1875-இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி இருவரும் குதிரை வெளியே தெரியாத பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். இத்தகைய துப்பாக்கிகள் பெருகியபின், வெளியே துருத்தும் குதிரைகளுக்கு இடம்விட வேண்டிய தேவையும் நீங்கியது.

கருவிகள் தொலைந்துபோன பெட்டியிலும் அறைகள் எஞ்சியிருக்கும். குடுவையின் அளவுக்கு வெட்டிய அறை ஒன்று காலியாக இருந்தாலும், அங்கே இருந்த துப்பாக்கி எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இரண்டு பாணிகள்

பெட்டியின் உட்புறம் அமைக்கப்பட்ட விதத்தில் இரு பாணிகள் உண்டு. ஆங்கிலப் பாணியில் மெல்லிய மரத்தடுப்புகள் நேர்கோட்டு அறைகளாக நிறுத்தப்பட்டு, அவற்றின்மேல் கம்பளித் துணி ஒட்டப்படும். பெரும்பாலும் பச்சை நிறத் துணியே பயன்பட்டது. பிரெஞ்சுப் பாணியில் ஒவ்வொரு பொருளின் வடிவத்துக்கும் ஏற்ப மரத்தைக் குடைந்து, அதன்மேல் துணி இடுவர். பின்னதில் பொருள்கள் அசையாமல் அழகாகப் பொருந்தும். ஆனால் ஒரு கருவி மாறினாலும் அந்தக் குழிவு பயனற்றுப்போகும். தடுப்பு முறையில் ஓர் அறையை எளிதில் திருத்தலாம். துப்பாக்கியின் பொறியமைப்பு வேகமாக மாறிய நூற்றாண்டில் இது பெரும் வசதி.

ரயிலும் தோலும்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில்பாதைகள் விரிந்தபோது, இங்கிலாந்துச் செல்வந்தர்கள் ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களுக்குப் பறவை வேட்டைக்குச் செல்வது வழக்கமாயிற்று. அங்கே க்ரவுஸ் எனும் பறவையை வேட்டையாடும் பருவம் ஆகஸ்ட் 12 அன்று தொடங்கும். மெருகேற்றிய மகோகனிப் பெட்டி ரயில் சுமைகளுக்கிடையே கீறல்பட்டது. எனவே ஓக் மரப்பெட்டியின்மேல் தடித்த தோல் போர்த்தி, மூலைகளில் பித்தளை பொருத்தி, வார்களால் கட்டிய பெட்டிகள் பரவின.

பறவைகளை ஆட்கள் விரட்டிவர, நின்ற இடத்தில் நின்று சுடும் வேட்டைமுறை வளர்ந்ததும் ஒருவருக்கு ஒரே மாதிரியான இரு துப்பாக்கிகள் தேவைப்பட்டன. ஒன்றைச் சுடும்போது உதவியாளர் மற்றொன்றில் தோட்டா இடுவார். 1, 2 என எண்ணிட்ட இந்த இணைகளுக்கு இரட்டைப் பெட்டிகள் செய்யப்பட்டன.

வெப்பமான ஈர நாடுகளுக்குச் சென்ற பெட்டிகளுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. தச்சர் பயன்படுத்திய வஜ்ரம் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சப்பட்டது, ஈரக்காற்றில் இளகக்கூடியது. மூலைகளில் பித்தளைத் தகடு பதித்துத் திருகாணியால் இறுக்குவது இதற்கு மாற்றாக அமைந்தது. லண்டனில் புகழ்பெற்ற மான்டன் குடும்பத்தின் பெயரில் கல்கத்தாவிலும் ஒரு துப்பாக்கிக் கடை இயங்கியது. இந்தியாவிலிருந்து சென்ற அரக்கு, லண்டன் பெட்டிகளுக்கு மெருகாகப் பயன்பட்டது.

மூடியின் உட்புறச் சீட்டு

பெட்டி மூடியின் உட்புறத்தில் பட்டறையின் பெயரும் முகவரியும் அச்சிட்ட சீட்டு ஒட்டப்படும். பட்டறைகள் இடம் மாறியதால் முகவரியே காலத்தைக் காட்டும் குறியாகிறது. ஜோசப் மான்டனிடம் பணியாற்றிய ஜேம்ஸ் பர்டி 1814-இல் தனிக்கடை தொடங்கினார். 1826-இல் மான்டன் கடனில் மூழ்கித் திவாலானபின், ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கே பர்டி மாறினார். 1880-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் தெற்கு ஆட்லி தெருவுக்குச் சென்றது. ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு தெரு முகவரி கொண்ட பர்டி சீட்டு, இந்த இரு இடமாற்றங்களுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு உரியது.

இந்தப் பயனே மோசடிக்கும் வழிவகுத்தது. உரிய பெட்டியோடு கூடிய துப்பாக்கி ஏலத்தில் கூடுதல் விலை பெறும். அதனால் வேறு பெட்டியின் உள்ளறைகளைப் பெயர்த்து, புதுத் துணி இட்டு, நகல் சீட்டு ஒட்டி விற்பதும் நடந்துள்ளது. இதைக் கண்டறியச் சில வழிகள் உண்டு. நெடுங்காலம் ஒரே இடத்தில் கிடந்த குழலும் விசைக்காப்பும் துணியில் அழுத்தத் தடம் பதித்திருக்கும். அத்தடம் துப்பாக்கியோடு பொருந்த வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய மரத்திருகுகள் பொதுவாக நுனி மொட்டையானவை. கூர்நுனித் திருகுகளை இயந்திரத்தில் செய்யும் முறை 1854-இல் பர்மிங்காமுக்கு வந்தபின்பே அவை பிரிட்டனில் மலிந்தன. 1820-ஆம் ஆண்டுப் பெட்டி எனச் சொல்லப்படுவதன் கீலில் கூர்நுனித் திருகு இருந்தால், அது பின்னர் மாற்றப்பட்டதா என்றாவது விசாரிக்க வேண்டும்.

செய்முறை

பெட்டி செய்வது அளவெடுப்பதிலிருந்து தொடங்குகிறது. துப்பாக்கியைப் பிரித்து ஒரு தாளின்மேல் வைத்து, குழலும் கட்டையும் எதிரெதிர்த் திசையில் அருகருகே அமையுமாறு வரைந்துகொள்வர். குழல் நீளத்தோடு துணிக்கும் விரலுக்கும் இடம் சேர்த்தால் உள்நீளம் கிடைக்கும். கட்டையின் தடித்த பகுதியும், குழலின் அடியில் துருத்தும் இரும்புக் கட்டிகளும் ஆழத்தை முடிவு செய்யும்.

நான்கு பக்கப் பலகைகளும் மூலைகளில் புறாவால் மூட்டுகளால் இணைக்கப்படும். பக்கங்கள், மேற்பலகை, அடிப்பலகை அனைத்தையும் சேர்த்து முதலில் முழுதும் மூடிய பெட்டியாக ஒட்டிவிட்டு, பிறகு ரம்பத்தால் மூடியை அறுத்துப் பிரிப்பது பழைய முறை. இவ்வாறு செய்தால் மூடியும் அடிப்பெட்டியும் இம்மியும் பிசகாமல் பொருந்தும். மரத்தின் ரேகையும் தொடர்ச்சியாக ஓடும். அறுத்த விளிம்புகளை இழைப்புளியால் சீராக்கிக் கீலும் பூட்டும் பதிப்பர். மூடியின் நடுவில் வட்டப் பித்தளைத் தகட்டுக்குள் மடங்கும் கைப்பிடி அமையும். உரிமையாளரின் பெயரையோ குலச்சின்னத்தையோ அதில் பொறிப்பர்.

தடுப்புகளுக்கு மெல்லிய பைன் அல்லது மகோகனிப் பட்டைகள் ஏற்றவை. ஒவ்வொன்றுக்கும் துணியை முன்பே சுற்றி ஒட்டிவிட்டுப் பின்னர் இறுக்கமாக உள்ளே செருகுவர். பசையை அளவாகத் தடவ வேண்டும். மிகுந்தால் துணியில் ஊறிக் கறையாகும்.

மரம் வெட்டப்பட்டபின்னும் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். இழையின் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். நன்கு உலராத பலகையில் செய்த மூடி சில பருவங்களிலேயே கோணிப் பூட்டு சேராமல் போகும்.

மரமும் உலோகமும்

உட்புறத்துக்கு எந்த மரத்தைத் தேர்வது என்பது அழகைவிட இரசாயனத்தைச் சார்ந்தது. ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை மெல்ல வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அது ஈயரவைகளை வெண்பொடியாக அரிக்கும். எஃகில் துருவையும் தூண்டும். ஓக்கிலுள்ள டானின் ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை தோன்றும். தோலின் கொழுப்பு பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். கம்பளித் துணி காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஈர நாடுகளில் துப்பாக்கியை மாதக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால், குழலில் துணியின் நெசவு படிந்த துருத் தடமே மிஞ்சக்கூடும். இப்பெட்டி பயணத்துக்காக உருவானது. நெடுங்காலச் சேமிப்புக்கு உரியதன்று.

மகோகனி இந்த வகையில் ஓக்கைவிடத் தீங்கு குறைந்தது. ஆனால் அளவுமீறி வெட்டப்பட்டதால், பெரிய இலை மகோகனி 2003 முதல் அழிவுக்குள்ளாகும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இன்று பலர் பழைய மரச்சாமான்களிலிருந்து எடுத்த மகோகனியையோ வால்நட் மரத்தையோ பயன்படுத்துகின்றனர்.

புதிய பெட்டியின் பொறுப்பு

பெரும்பாலான பழைய துப்பாக்கிகள் தம் பெட்டியை இழந்துவிட்டன. அவற்றுக்குப் புதுப்பெட்டி செய்வது தவறன்று. பழைய முறையிலேயே மூட்டு வெட்டி, அரக்கு மெருகேற்றி, பச்சைத் துணி இடுவதால் ஒரு கைத்தொழிலும் உயிரோடு இருக்கும். ஆனால் அதைப் பழைய பெட்டி என்று பிறர் நம்பும்படி விடுவது, துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு பொய்யைச் சேர்ப்பதாகும்.

அருங்காட்சியகப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் இரு நெறிகள் இங்கும் பொருந்தும். புதிதாகச் சேர்க்கப்படுவது எது என்பது அடையாளம் தெரிய வேண்டும். பழையதைச் சிதைக்காமல் அதை நீக்கவும் முடிய வேண்டும். செய்தவர் தம் பெயரையும் ஆண்டையும் அடிப்பலகையில் பொறித்து வைத்தால் முதல் நெறி நிறைவேறும். பழைய பட்டறையின் நகல் சீட்டுக்குப் பதிலாகத் தம் சீட்டையே ஒட்டலாம். உடைந்த மூலப்பெட்டி இருந்தால், அதன் துணியைக் கிழித்துப் புதிது இடாமல் அப்படியே பாதுகாத்து, பயன்பாட்டுக்குத் தனியாக ஒன்றைச் செய்யலாம். மான்டன், பர்டி காலப் பெட்டிகளை இன்று படிக்க முடிவது, அவற்றைச் செய்தவர்கள் தம் பெயரையும் முகவரியையும் வெளிப்படையாக விட்டுச் சென்றதால்தான். நூறாண்டு கழித்து நம் காலப் பெட்டியைத் திறப்பவருக்கும் அதே உதவி தேவைப்படும்.