இம்மியும் தசமப் புள்ளியும்

"இம்மியும் பிசகாமல்" என்று எழுதுகிறோம், மேடையிலும் பேசுகிறோம். அந்த இம்மி எவ்வளவு என்று உயர்தர வகுப்பு மாணவரிடம் கேட்டால், "மிகமிகச் சிறியது" என்பதற்கு மேல் விடை வருவதில்லை. உண்மையில் அது கணக்கர் கையாண்ட ஓர் எண். கணக்கதிகார மரபில் வழங்கும் கீழ்வாய் இலக்க வாய்பாட்டின்படி இம்மி என்பது 21,50,400இல் ஒரு பங்கு.

நம் முன்னோர் ஒன்றைப் பாதி பாதியாகக் குறைத்துச் சென்றனர். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன அவ்வாறு வந்தவை. இன்னொரு வழியில் ஒன்றை இருபதாக்கி மா என்றனர். மாவின் காற்பங்கு காணி. காணியின் காற்பங்கு முந்திரி. நமக்குக் காணி என்றால் நிலம். கணக்கரிடம் அது 80இல் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. முந்திரியை மீண்டும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி.

இவற்றைத் தசமமாக மாற்றிப் பார்த்தால் ஒரு புதுமை புலப்படும். வீசம் 0.0625; மா 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125. 1/102400 ஆகிய கீழ்முந்திரிகூட 0.000009765625 என்று பன்னிரண்டாம் தானத்தில் முடிந்துவிடுகிறது. எதுவும் மீளும் தசமமாக இழுபடவில்லை. காரணம் எளிது. பகுதியெண்ணில் இரண்டும் ஐந்தும் மட்டுமே காரணிகளாக இருந்தால் தசமம் முடிவுறும். 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகிய எண்.

ஐரோப்பாவில் தசம பின்னத்தை அன்றாடக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் சைமன் ஸ்டெவின். 1585இல் அவர் வெளியிட்ட சிறுநூல் நில அளவையாளரையும் வணிகரையும் நோக்கி எழுதப்பட்டது. புள்ளி அதில் இல்லை. இலக்கங்களின் தானத்தை வட்டத்துள் இட்ட எண்களே காட்டின. இலங்கையில் 1872இல் ரூபாவும் சதமும் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் பழைய பின்னம் எளிதில் இடம்விடவில்லை. 1870 என்று பொறித்த செப்புக் காசுகளில் அரைச் சதமும் இருந்தது, காற்சதமும் இருந்தது. காற்சதம் ரூபாவில் 0.0025.

ஆனால் மூன்றில் ஒன்று? தசமம் இங்கே தோற்றுவிடுகிறது, 0.333 என்று முடிவின்றி ஓடுகிறது. முந்திரிக் கணக்கும் தனித்து நின்றால் தோற்கும். 106 முந்திரி போக, ஒரு முந்திரியின் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். இவ்விடத்திலேதான் இம்மி வருகிறது. கீழ்முந்திரியை இரண்டாகவோ ஐந்தாகவோ பகுக்காமல் 21ஆகப் பகுத்தனர். மூன்றாலும் ஏழாலும் வகுபட வேண்டும் என்பதற்காகவே இந்த 21ஐத் தேர்ந்தனர் என்பது என் கருத்து. அதனால் ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு 34,133 கீழ்முந்திரியும் 7 இம்மியும் ஆகிறது. மிச்சம் இல்லை. எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லிப் பொருள் விற்றிருக்கமாட்டார் என்பது வேறு விடயம்.

இதே தேவை யாழ்ப்பாணத்து நில அளவையிலும் தெரிகிறது. ஒரு பரப்புக்கு 18 குழி. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பரப்பைப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறு குழி, பேச்சுக்கு இடமில்லை. அதையே 0.33 பரப்பு என்று எழுதி மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 0.99தான் வரும். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். காணாமற்போன நூறில் ஒரு பங்கு ஏறத்தாழ 27 சதுர அடி. எல்லைக் கதியாலை ஒரு முழம் அரக்கி நட்டதற்கு வருடக்கணக்காக வழக்காடும் ஊரிலே அது சிறிய துண்டல்ல. நொத்தாரிசுமார் உறுதியிலே தசமத்தை விட்டு, "பிரிபடாத மூன்றில் ஒரு பங்கு" என்று பின்னமாகவே எழுதிவந்தனர்.