வாசகர் தொடுத்த வழக்கு

ஒரு நல்ல நாவலைப் படித்து முடித்தவுடன் அதன் ஆசிரியரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்ற ஆவல் நம்மில் பலருக்கு எழுவதுண்டு. ‘இந்தப் பெண்ணை ஏன் சாக விட்டீர்?’ என்று கேட்கத் தோன்றும். ‘எங்கள் மக்களை ஏன் இப்படிச் சித்திரித்தீர்?’ என்றும் சில வேளை கேட்கத் தோன்றும். இரண்டும் ஒன்றுபோலவே காணப்படினும், முதல் வினா கதையைப் பற்றியது. இரண்டாவதோ, கதைக்கு வெளியே உயிரோடு நடமாடும் மனிதரைப் பற்றியது. ஆங்கில இலக்கிய வரலாற்றில் இவ்விரு வினாக்களையும், 115 ஆண்டுகள் இடைவெளியில், இரு பெண்மணிகள் புகழ்பெற்ற நாவலாசிரியர் இருவரிடம் கடிதம் வாயிலாகக் கேட்டனர். ஒருவருக்கு மறுப்புக் கிடைத்தது. மற்றவருக்கு, காலம் தாழ்த்தியேனும், நியாயம் கிடைத்தது. அந்த வேற்றுமையின் காரணத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதல் ஆசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன். 1689-இல் பிறந்த இவர் லண்டன் மாநகரில் அச்சுக்கூடம் நடத்தி வந்தவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே ‘பமீலா’ என்னும் தம் முதல் நாவலை 1740-இல் வெளியிட்டார். அடுத்து அவர் எழுதிய ‘கிளாரிஸா’ ஆங்கில மொழியின் மிக நீண்ட நாவல்களுள் ஒன்று. செல்வக் குடும்பத்தில் பிறந்த கிளாரிஸாவை, அவள் வெறுக்கும் ஒருவனுக்கு மணமுடிக்கப் பெற்றோர் வற்புறுத்துகின்றனர். லவ்லேஸ் என்ற வசீகரமான இளைஞனின் சொல்லை நம்பி அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அவனோ அவளை வஞ்சித்துச் சீரழிக்கிறான். கதை முழுவதும் கதைமாந்தர் ஒருவருக்கொருவர் எழுதிக் கொள்ளும் கடிதங்களாகவே நடைபெறுகிறது.

இந்நாவலின் ஏழு பாகங்களும் ஒரே நாளில் வெளிவரவில்லை. 1747 டிசம்பரில் இரண்டும், 1748 ஏப்ரலில் இரண்டும், அவ்வாண்டு டிசம்பரில் எஞ்சிய மூன்றும் வெளிவந்தன. ஆகவே, கதாநாயகியின் கதி என்ன ஆகுமோ என்ற கவலையில் இங்கிலாந்தின் வாசகர்கள் மாதக்கணக்கில் தவிக்க நேர்ந்தது. முடிவு சோகமானது என்ற செய்தி வேறு மெல்லக் கசிந்து பரவியது.

லங்காஷயரில் வாழ்ந்து வந்த டாரதி பிராட்ஷா சீமாட்டியின் செவிக்கும் அச்செய்தி எட்டியது. 1748 அக்டோபரில் அவர் ‘திருமதி பெல்ஃபோர்’ என்ற புனைபெயரில் ரிச்சர்ட்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளாரிஸா சாகக் கூடாது. லவ்லேஸ் மனம் திருந்தி அவளை மணக்க வேண்டும். இதுவே அவருடைய மன்றாட்டு. தம் முகவரியை வெளியிட விரும்பாத அவர், விடையைச் செய்தித்தாள் ஒன்றில் அறிவிப்பாக வெளியிடும்படி கோரினார். ரிச்சர்ட்சனும் அவ்வாறே அறிவிப்புக் கொடுத்தார். முகமறியா இருவருக்கிடையே இவ்வாறு தொடங்கிய கடிதப் போக்குவரத்து, முடிவைப் பற்றிய நீண்ட விவாதமாக வளர்ந்தது.

ரிச்சர்ட்சன் இணங்கவில்லை. கொடியவன் ஒருவன் திருமணத்தால் திருந்திவிடுவான் என்பது இளம்பெண்களை ஏமாற்றும் பொய் நம்பிக்கை என்பது அவர் கருத்து. எவ்வளவு பெரிய அநீதி இழைத்தாலும் இறுதியில் மாலை மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதை சொல்லுமானால், அக்கதை அநீதிக்கே துணை போகும் என்று அவர் அஞ்சினார். அறத்திற்குரிய பரிசு இம்மையிலேயே கிடைத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் அவர் ஏற்கவில்லை. டிசம்பரில் வெளிவந்த கடைசிப் பாகங்களில் கிளாரிஸா உயிர் நீத்தாள். அவற்றைத் தொடர்ந்து படிக்கவும் இயலாமல், விடவும் மனமின்றித் தாம் அழுத அழுகையைச் சீமாட்டி ஆசிரியருக்கே எழுதி அனுப்பினார்.

கோரிக்கை மறுக்கப்பட்டவர் கோபித்துக்கொண்டு விலகினாரா எனில், இல்லை. 1750-இல் இருவரும் நேரில் சந்தித்தனர். 1761-இல் ரிச்சர்ட்சன் மறையும் வரை அந்த நட்பு நீடித்தது. தீயவன் ஒருவனை இவ்வளவு கவர்ச்சியாகப் படைத்தவர் நல்லவன் ஒருவனையும் படைத்துக் காட்ட வேண்டும் என்று அவரைத் தூண்டியவர்களுள் சீமாட்டியும் ஒருவர். அத்தூண்டுதலின் பயனாக ‘சர் சார்லஸ் கிராண்டிசன்’ என்ற நாவல் 1753-லும் 1754-லும் வெளிவந்தது. மேலும், சீமாட்டி தம்மிடமிருந்த ‘கிளாரிஸா’ பிரதியின் பக்க ஓரங்களில் தம் அபிப்பிராயங்களையும் ஆட்சேபங்களையும் எழுதி வைத்தார். அப்பிரதி ரிச்சர்ட்சன் கைக்கு வந்தபோது, அவர் அக்குறிப்புகளுக்கு அதே ஓரங்களில் விடை எழுதினார். இன்று அந்நூல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அச்சிட்ட கதை நடுவில் இருக்க, இரு கையெழுத்துகள் ஓரத்தில் வாதாடுகின்றன. ஆசிரியரும் வாசகரும் உரையாட இதைவிடச் சிறந்த மன்றம் வேறு ஏது?

பாகம் பாகமாகக் கதை வெளிவரும்போது வாசகர் ஆசிரியரின் தோளருகே வந்து நின்றுவிடுகிறார் என்பது எம்மொழிக்கும் பொதுவான அனுபவமே. 1950 முதல் 1954 வரை கல்கி அவர்கள் ‘பொன்னியின் செல்வன்’ எழுதிவந்த காலத்தில் வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்த குடும்பங்களைப் பற்றி நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதையை முடித்த பிறகும், கதைமாந்தருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்ற வினாக்களுக்குக் கல்கி தனியே விடை கூற வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இத்தகைய செல்வாக்கு உச்சத்தில் இருந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருடைய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837 பிப்ரவரி முதல் 1839 ஏப்ரல் வரை ஒரு மாத இதழில் தொடர்ந்து வெளிவந்தது. தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. ஏழைகள் விடுதியில் குழந்தைகள் படும் துயரத்தை அந்நாவல் உலகறியச் செய்தது. அதே நாவலில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் ஃபேகின் என்ற கொடியவனும் வருகிறான். அவன் யூதன். ஆசிரியர் அவனை அவன் பெயரால் அழைப்பதைவிட ‘அந்த யூதன்’ என்று அழைத்த இடங்களே மிகுதி. யூதர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையைக்கூடப் பெறாத காலம் அது; அவ்வுரிமை 1858-இல்தான் அவர்களுக்குக் கிட்டியது.

1860-இல் டிக்கன்ஸ் லண்டனில் தமக்கிருந்த டாவிஸ்டாக் மாளிகையை விற்றார். வாங்கியவர் டேவிஸ் என்ற யூதர். விற்பனைக்கு முன் வாங்குபவரைப் பற்றி ஐயத்தோடு பேசிய டிக்கன்ஸ், விற்பனை முடிந்தபின் அவருடைய நேர்மையைப் பாராட்டினார். அந்த டேவிஸின் மனைவியே எலைசா டேவிஸ். 1863 ஜூன் 22 அன்று, ஏழை யூதர்களுக்கான ஓர் அறநிலையத்திற்கு நன்கொடை வேண்டி அவர் டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்திலேயே தம் உள்ளத்தில் நெடுநாள் உறுத்திய குறையையும் எடுத்துரைத்தார். ஒடுக்கப்பட்டோருக்காகப் பரிந்து எழுதும் ஒருவர், ஏற்கெனவே இகழப்படும் ஓர் இனத்தின் மீது மேலும் வெறுப்பு வளர இடமளித்துவிட்டார். இதற்குச் சமாதானம் சொல்லவோ பரிகாரம் தேடவோ அவர் உயிரோடு இருக்கும்போதே முடியும். இதுவே அவருடைய வாதத்தின் சாரம்.

ஜூலை 10 அன்று டிக்கன்ஸ் விடை எழுதினார். கதை நிகழும் காலத்தில் அவ்வகைக் குற்றவாளிகள் பெரும்பாலும் யூதர்களாகவே இருந்தனர் என்றார். நாவலின் ஏனைய தீயவர்கள் கிறிஸ்தவர்களே அல்லவா என்று கேட்டார். ‘யூதன்’ என்ற சொல் மதத்தைக் குறிப்பதன்று, இனத்தைக் குறிப்பதே என்றும் விளக்கினார். நான்கே நாட்களில் எலைசா அம்மையார் மறுமொழி அனுப்பினார். கிறிஸ்தவர்களில் தீயவர் இருப்பின் அவர்களுக்கு எதிரே நல்லவர்களும் அந்நாவலில் இருக்கின்றனர். ஃபேகின் மட்டும் தன் இனத்திற்கு ஒருவனாகத் தனித்து நிற்கிறான் என்பதே அம்மறுமொழியின் கூர்மை. கணக்குப் போட்டுப் பார்த்தால் மறுக்க இயலாத வாதம் அது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுகிறது. ‘ஃபேகின்’ என்று எழுதினால் அது ஒருவனுடைய பெயர். அவனுடைய குற்றம் அவனோடு போயிற்று. ‘அந்த யூதன்’ என்று எழுதினாலோ, அதே குற்றத்தில் ஓர் இனம் முழுவதற்கும் பங்கு கிடைத்துவிடுகிறது. மாற்றியது ஒரே ஒரு சொல்லைத்தான். வட மாநிலங்களில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். பெயர் எதுவாயினும், மாவட்டம் எதுவாயினும், தாய்மொழியே வேறாயினும், தெற்கிலிருந்து வந்த அனைவரையும் ‘மதராஸி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடும் வழக்கத்தைத் தெருவிலும் கடைத்தெருவிலும் கேட்டுப் பழகியவர்கள் நாம். நம்மில் ஒருவர் நல்லது செய்தால் அது அவருடைய நற்குணமாகிறது. தவறு செய்தால் அது நம் எல்லோருடைய குணமாகிவிடுகிறது. யூதர் பட்ட துன்பத்தோடு இதை ஒப்பிடுவது தகாது. ஆயினும் எலைசா அம்மையாரின் நெஞ்சில் தைத்த முள் எவ்வகையது என்பதை உணர இவ்வனுபவம் உதவும்.

டிக்கன்ஸ் உடனடியாகத் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதிவிடவில்லை. அவர் தம் எழுத்தின் மூலமாகவே விடையளித்தார். 1864 மே மாதம் வெளிவரத் தொடங்கிய, ‘நம் பொது நண்பர்’ என்று பொருள்படும் தலைப்புடைய நாவலில், ரையா என்ற முதிய யூதர் வருகிறார். அவர் கருணையும் பண்பும் மிக்கவர். வட்டித் தொழிலின் உண்மையான முதலாளி ஒரு கிறிஸ்தவன். அவன் தன் கொடுமைக்குத் திரையாக அந்த முதியவரை முன்னால் நிறுத்தி வைக்கிறான். யூதருள் ஒருவர் கெட்டவரானால் உலகம் எல்லோரையும் அவ்வாறே எண்ணுகிறது என்று ரையா வருந்தும் கட்டமும் அதில் உண்டு. எலைசா அம்மையார் நன்றி தெரிவித்து எழுதினார். 1867-இல் எபிரேயமும் ஆங்கிலமும் அமைந்த வேதநூல் ஒன்றை டிக்கன்ஸுக்குக் காணிக்கையாக அனுப்பினார். தாம் உண்மையில் மதிக்கும் ஒரு மக்களை வேண்டுமென்றே புண்படுத்த எண்ணியவரல்லர் என்று டிக்கன்ஸ் நெகிழ்ந்து விடையளித்தார்.

அதே 1867-இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ புதிய பதிப்பாக வெளிவந்தது. அப்பதிப்பின் பிற்பகுதியில் ‘அந்த யூதன்’ என்ற தொடரைப் பல இடங்களில் நீக்கி, ‘ஃபேகின்’ என்றோ ‘அவன்’ என்றோ ஆசிரியர் திருத்தினார். அவனுடைய இறுதி இரவைக் கூறும் அத்தியாயத்தின் தலைப்பிலும் இனப் பெயர் போய் இயற்பெயர் வந்தது. முற்பகுதியில் பழைய தொடர் அப்படியே எஞ்சி நின்றது. அரைகுறைத் திருத்தமே ஆயினும், உலகப் புகழின் சிகரத்தில் நின்ற ஒருவர், 30 ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூலை ஒரு வாசகரின் சொல்லுக்குப் பின் மீண்டும் கையில் எடுத்துப் பேனாவை ஓட்டினார் என்பது சிறிய செய்தி அன்று.

திருத்தம் எழுத்தைத் திருத்தியதே ஒழிய, உலகத்தின் நினைவைத் திருத்தவில்லை. 1948-இல் இந்நாவல் திரைப்படமானபோது ஃபேகினின் தோற்றம் பழைய சித்திரங்களைத் தழுவியே அமைக்கப்பட்டது. பல லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட உலகப் போரின் நினைவு ஆறாத காலம் அது. பெர்லின் நகரில் அப்படத்தை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. அமெரிக்காவில் சில காட்சிகள் வெட்டப்பட்டு 1951-இல்தான் படம் வெளியாயிற்று. ரையாவை அறிந்தவர் சிலர். ஃபேகினை அறியாதவர் இலர். எய்த அம்பைத் திரும்ப அழைப்பது அம்பு விட்டவராலும் ஆகாத காரியம்.

நேயர்களே, இப்போது இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிராட்ஷா சீமாட்டி கேட்டது தம் மனத்திற்கு ஆறுதல். அதற்காகக் கதையின் உண்மையை மாற்ற ரிச்சர்ட்சன் மறுத்தது முறையே. கதாநாயகி வாழ்வதும் மடிவதும் ஆசிரியரின் ஆட்சிக்கு உட்பட்டவை. எலைசா அம்மையார் கேட்டதோ ஆறுதல் அன்று, நியாயம். கதைக்கு வெளியே வாழும் மக்களின் மானம் எந்த ஆசிரியருடைய ஆட்சிக்கும் உட்பட்டதன்று. அங்கே வாசகரே சாட்சி. சாட்சியத்தைக் கேட்பது ஆசிரியரின் கடமை.

இரு பெண்மணிகளுக்கும் பொதுவான பண்பு ஒன்றும் உண்டு. இருவரும் நூலை நெருப்பிலிடச் சொல்லவில்லை. ஆசிரியரை வசை பாடி ஒதுங்கவும் இல்லை. நூலை ஊன்றிப் படித்தார்கள். தம் ஆட்சேபத்தைக் காரணத்தோடு எழுதினார்கள். விடை வந்தபோது மீண்டும் எழுதினார்கள். அயல் மாநிலத்தில் இருந்துகொண்டு, நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதையும் பிறரைப் பற்றி நம்மவர் எழுதுவதையும் ஒருங்கே படிக்கும் வாய்ப்புப் பெற்ற நமக்கு அந்தப் பண்பு பெரிதும் வேண்டுவதே. நம்மைத் தவறாகச் சித்திரிக்கும் நூலுக்கு மட்டுமன்றி, நம் மொழியில் அயலாரைத் தவறாகச் சித்திரிக்கும் நூலுக்கும் அத்தகைய கடிதம் ஒன்று நம் கையிலிருந்து செல்லுமானால், எலைசா அம்மையார் தொடுத்த வழக்கில் நாமும் அவர் பக்கம் நின்றவர்கள் ஆவோம்.